கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

திருகோணமலையில் ஒரு சின்னச் சபையின் ஞாயிறு பாடசாலையில் இருபத்தாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் கந்தோர் வேலை, ஞாயிறு காலை ஏழரைக்குப் பிள்ளைகள். வேதாகமம் தேவனுடைய வார்த்தை என்றும், அதன் முதல் அதிகாரம் சொல்கிற ஆறு நாளும் ஆறு நாள்தான் என்றும் நம்புகிறவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவதை வாசித்துவிட்டு நான் விசுவாசத்தில் தளர்ந்துபோனேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. நான் எழுதப்போவது ஒரு பிள்ளையைச் சபையிலிருந்து துரத்திய கதை. துரத்தியது நான்தான்.

அவள் நாலு வயதில் என் வகுப்புக்கு வந்தவள். திருக்கடலூரில் வீடு, தகப்பன் கடற்தொழில். அந்த நாளில் என்னிடம் கம்பளித் துணி ஒட்டிய ஒரு பலகை இருந்தது. மஞ்சள் துணியில் வெட்டிய சூரியன், வெள்ளைத் துணியில் சந்திரன், நீலத்தில் கடல், மீன், பறவை என்று ஆறு நாளுக்கும் துண்டுகள். சூரியனின் ஒரு ஓரம் பிசின் பட்டுக் காய்ந்து கறுத்திருக்கும். அந்தச் சூரியனைத் தான்தான் ஒட்டவேண்டும் என்று அவள் அடம்பிடிப்பாள். ஏழு வயதில் ஒரு நாள், ஒட்டிவிட்டுத் திரும்பி நின்று கேட்டாள்: “ரீச்சர், சூரியன் நாலாம் நாள்தானே வந்தது? அப்ப முதல் மூண்டு நாளும் ஆர் வெளிச்சம் குடுத்தது?”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். “முதலாம் நாளே ஆண்டவர் வெளிச்சம் உண்டாகக்கடவது எண்டு சொல்லிட்டார் மகள், சூரியன் இல்லாமலும் அவரால ஏலும்” என்று சொல்லிக் கட்டிப்பிடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் கெட்டிக்காரி. அதே பிள்ளை பதினேழு வயதில் கேட்டபோது நான் நடந்துகொண்ட விதம் வேறு.

2012ஆம் ஆண்டு. அவள் உயர்தரத்தில் (ஏ.எல்.) உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து பிள்ளைகள் பிளேன்ரீயும் பணிஸும் எடுக்கப் போன நேரம் ஒரு சீஆர் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பக்கத்தின் இடது பக்கம் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, நீலப் பேனையால் நாலு கேள்வி எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தாள். சோதனைத் தாள் மாதிரி.

முதலாவது: ஆதியாகமம் 1:21இல் “மகா மச்சங்கள்” என்று இருக்கிறது, திமிங்கிலம் மீன் இல்லையே? இரண்டாவது: பூமிக்கு 454 கோடி வருடம் என்று படிக்கிறோம், சபையில் ஆறாயிரம் என்கிறோம், ஆறாயிரம் எந்த வசனத்தில் இருக்கிறது? மூன்றாவது: சோதனையில் கூர்ப்பு (பரிணாமம்) வந்தால் நான் எழுதலாமா, எழுதினால் அது விசுவாசத்தை மறுதலிப்பதா? நாலாவது: கோணேசர் மலையை இராவணன் வாளால் வெட்டினான் என்பதும் கதை, ஆதியாகமமும் கதை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் சிநேகிதி கேட்கிறாள், நான் என்ன சொல்வது?

நான் இரண்டாவதுக்கு மேல் வாசிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. முகம் சுட்டது. யாக்கோபு நிருபத்தில் இருந்து, “சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்” என்று சத்தமாகச் சொன்னேன். ரியூசன் சேர்மார் சொல்வதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை மூடி, பையில் வைத்து, சிப்பைக் கடைசிவரை இழுத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சோதனைக்குப் படிக்கிறாள், அதுதான் வருவதில்லை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தாய் கதிரை எடுத்துப் போட்டு, “இருங்கோ அக்கா” என்றா. பிள்ளை உள்ளே இருந்து வந்து வாசற்படியில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“ரீச்சர், நீங்க பதில் சொல்லேல்ல எண்டு எனக்குக் கவலை இல்ல. நீங்க பயந்திட்டீங்க. நாலு வயசில இருந்து எனக்கு இதைச் சொல்லித் தந்த ஆளே பயந்தா, உள்ளுக்க ஒண்டும் இல்ல எண்டுதானே நான் நினைக்கவேணும்?”

அந்தக் கேள்வித்தாளை எனக்குத் தரும்படி கேட்டேன். கொப்பியிலிருந்து கிழித்துத் தந்தாள். அதை நாலாக மடித்து என் வேதாகமத்தில் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் வைத்தேன். நாலு கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

முதலாவது கேள்வி லேசானது என்று நினைத்துத் தொடங்கினேன். அவளுடைய தகப்பனைத்தான் முதலில் கேட்டேன். எங்கள் ஊர்க்கடல் கரையிலிருந்து கொஞ்சம் போகவே கிடுகிடுவென்று ஆழமாகிவிடும், துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருகிறது. வருடத்தில் பல தடவை வள்ளத்துக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். “அது மீன் இல்ல தங்கச்சி, குட்டிக்குப் பால் குடுக்கிற சாதி. மேல வந்து மூச்சு விடும், நாத்தம் காத்தில வரும்” என்றார். படிக்காத மனிதர், பாடப்புத்தகம் சொல்வதைத்தான் சொன்னார்.

பிறகு எங்கள் போதகரிடம் போனேன். அவர் எபிரெயம் படித்தவர். மூலத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் “தன்னீனீம்”, பெரிய கடல் உயிர்கள் என்பதுதான் பொருள், மீன் என்றே இல்லை என்றார். “மச்சம்” எங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்தெடுத்த சொல். இந்த ஒரு விஷயம் எனக்கு முப்பது வயதுக்கு முன் தெரிந்திருந்தால்! வேதம் சொன்னது ஒன்று, தமிழாக்கம் சொன்னது ஒன்று, நான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்துக்கொண்டு பிள்ளையோடு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

அதே அதிகாரத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எல்லாரும் இதைக் கவனிக்கவேண்டும். “அதனதன் ஜாதியின்படியே” என்று பத்துத் தடவை போல வரும். போன வருடம் ஒரு பொடியன் என்னிடம், “அப்ப சாதியையும் ஆண்டவர்தான் படைச்சவரா?” என்று கேட்டான். அவன் எந்த வீட்டில் எதைக் கேட்டு வளர்ந்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் நெஞ்சு பதறியது. “ஜாதி” என்று மொழிபெயர்த்த எபிரெயச் சொல்லின் உச்சரிப்பு “மீன்”. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னவுடன் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள். அதன் பொருள் வகை. மாமரத்தில் மாங்காய், சீலாவுக்குச் சீலாக் குஞ்சு, அவ்வளவுதான். கத்தோலிக்கரோடு சேர்ந்து வந்த புதிய மொழிபெயர்ப்பில் “இனம்” என்று போட்டிருக்கிறார்கள். மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அந்த அதிகாரம் அந்தச் சொல்லைப் பாவிக்கவே இல்லை, தேவசாயல் என்றுதான் சொல்கிறது என்று அவனுக்குக் காட்டினேன். 26, 27ஆம் வசனங்களை விரல் வைத்து அவனே வாசித்தான். இப்போது சிருஷ்டிப்புப் பாடம் எடுக்கும் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. ஆறாயிரம் எந்த வசனம்?

என் அப்பப்பாவின் இங்கிலிஷ் வேதாகமம் என்னிடம் இருக்கிறது. தோல் அட்டை, கறையான் தின்ற மூலை. ஆதியாகமம் முதல் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கி.மு. 4004 என்று அச்சிட்டிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அதுவும் வசனம் என்றே என் மனதில் பதிந்துவிட்டது. அது அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு. ஆதியாகமம் 5ஆம், 11ஆம் அதிகாரங்களின் வம்ச வரலாறுகளைக் கூட்டி, ராஜாக்களின் காலங்களோடு பொருத்தி, கி.மு. 4004 அக்டோபர் 23 என்று நாளையே குறித்தார். 1701இலிருந்து இங்கிலிஷ் வேதாகமங்களின் ஓரத்தில் அவருடைய ஆண்டுகளை அச்சிடத் தொடங்கினார்கள். மகா உழைப்பாளி, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வம்ச வரலாறுகளை வைத்து யூதர்களின் நாட்காட்டி கி.மு. 3761இல் தொடங்குகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் வயதுக் கணக்குகள் கூடுதலாக இருப்பதால், கிழக்குத் திருச்சபைகள் கி.மு. 5509 என்று எண்ணின. ஒரே அதிகாரங்கள், மூன்று தொகை.

ஆறு நாள் என்பது எழுதியிருக்கிறது. “சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று” என்று எழுதியிருக்கிறது. யாத்திராகமம் 20:11இல் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணமாகவே அந்த ஆறு நாளும் சொல்லப்படுகிறது, அதனால்தான் அவற்றை நான் நாளாகவே எடுக்கிறேன். பூமிக்கு இத்தனை வயது என்ற எண் எந்த வசனத்திலும் இல்லை. அது கூட்டிப் பார்த்து வந்தது. சில ஆயிரம் வருடம் என்பதுதான் இன்றும் என் நம்பிக்கை. ஆனால் அதை நான் விளங்கிக்கொண்டது என்று சொல்லிப் படிப்பிக்கிறேன், வசனம் என்று சொல்லிப் படிப்பிப்பதில்லை. விஞ்ஞானிகளின் கணக்கு எப்படி வந்தது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கிளேர் பற்றர்சன் என்பவர் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 1956இல் ஏறத்தாழ 455 கோடி வருடம் என்று வெளியிட்டார், பிறகு வேறு வேறு முறைகளில் அளந்தவர்களுக்கும் அதற்குக் கிட்டவே வந்தது. இதை மறுத்துக் காட்டுகிற அறிவு என்னிடம் இல்லை. இருப்பதாக நடித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உபாகமம் 4:2ஐ எத்தனை தடவை மனப்பாடம் செய்வித்திருப்பேன். “நான் உங்களுக்குக் கற்பிக்கிற வசனத்தோடே நீங்கள் ஒன்றும் கூட்டவும் வேண்டாம், அதில் ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்.” எங்கள் மாதிரிச் சபைகளுக்குக் குறைக்கிறவர்களைக் கண்டால்தான் பயம். கூட்டுகிறதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதாக நினைவில்லை. மோசே கூட்டலைத்தான் முதலில் சொல்கிறார்.

இந்த வசனத்தைத் திரும்ப வாசித்த அன்றுதான் 2004 எனக்கு ஞாபகம் வந்தது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை நேரம் கடல் வந்தது. எங்கள் வகுப்பிலும் பிள்ளைகளை இழந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் ஏலாது. அடுத்த மாதம் ஒரு சின்னப் பிள்ளை, இனித் தண்ணீரால் அழிக்கமாட்டேன் என்று ஆண்டவர் நோவாவுக்கு வானவில் காட்டினாரே என்று கேட்டது. அப்போது ஒரு பெரியவர் குறுக்கே வந்து, இந்தக் கரையின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. ஆதியாகமம் 9:11 முழுப் பூமியையும் அழிக்கிற பிரளயத்தைப் பற்றியது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே லூக்கா 13இல் சொல்லியிருக்கிறாரே என்று அந்தப் பெரியவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். வேதத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வேதம் தடுத்த வார்த்தையையே பிள்ளைகளின் காதில் போட விட்டேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இது ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு விசுவாச வீட்டிலும் இருக்கிற கேள்வி. பல பிள்ளைகள் கேட்காமலே தங்களுக்குள் வைத்துக் குமைகிறார்கள். கூர்ப்புப் பற்றிய வினாவைத் தொடாமல் விட்டால் புள்ளி போகும், எழுதினால் பாவம் என்று நினைத்து அழுத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

நான் தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்தேன். பாபிலோனில் அந்த நாலு பொடியன்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். அந்தப் படிப்பில் அவர்கள் ஏற்காதது எவ்வளவோ இருந்திருக்கும். ஆனாலும் மற்றவர்களைவிடப் பத்துமடங்கு சமர்த்தராக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தங்களைத் தீட்டுப்படுத்தாதபடி மறுத்தது ராஜாவின் சாப்பாட்டை. பாடத்தை மறுத்ததாக இல்லை. “டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையை விளக்குக” என்று கேட்டால் அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் கேட்கிறார்கள். அதை ஒழுங்காக, முழுதாக, நேர்மையாக எழுதுவது மாணவரின் கடமை. சோதனைத் தாளின் ஓரத்தில் வசனம் எழுதிவைக்கத் தேவையில்லை.

நேர்மையாக என்று நான் சொல்வதில் ஒரு காரியம் அடங்கியிருக்கிறது. பத்துக் கட்டளையில் “பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக” என்று இருக்கிறது. டார்வினும் பிறன்தான். “உங்கட தாத்தா குரங்கா?” என்று மேடையில் கேட்டுச் சிரிக்க வைக்கிற பழக்கம் எங்களிடம் இருந்தது, நானும் செய்திருக்கிறேன். அந்தக் கொள்கை இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. ஏற்காமல் இருக்கலாம், ஆனால் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக்கூடாது. உயிரியல் படிக்கிற பிள்ளை அந்தப் பகிடியைக் கேட்கும்போது, இந்த ரீச்சருக்கு இதுவே தெரியவில்லை, சிலுவையைப் பற்றி மட்டும் சரியாகவா தெரிந்திருக்கும் என்று நினைத்தால் நான் யாரைக் குறை சொல்வது?

டார்வின் சாகும்போது மனந்திரும்பி வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தார் என்ற கதையையும் நான் பல வருடம் சொன்னேன். அவர் 1882இல் இறந்தார். அந்தக் கதை முதலில் அச்சில் வந்தது 1915இல், அமெரிக்காவில். கடைசி நேரத்தில் கூட இருந்த அவருடைய மகள் 1922இல் அதை மறுத்து எழுதினா. யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற அந்த ஒரு நாள் குறைவதை நாசாவின் கணினி கண்டுபிடித்தது என்பதும் அப்படித்தான், அப்படி ஒன்று நடக்கவில்லை. ஆறு நாள் படைப்புக்காகவே ஊழியம் செய்கிற அமைப்புகளே இந்த இரண்டையும் பாவிக்கவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. இன்றைக்கும் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவையாவது யாராவது அனுப்புகிறார்கள். முன்பு “ஆமென்” போடுவேன். இப்போது அனுப்பியவருக்குத் தனியாக அழைப்பு எடுத்து மெதுவாகச் சொல்கிறேன். குழுவில் எல்லாருக்கும் முன்னால் திருத்தினால் மனிசர் நொந்துபோவார்கள், அடுத்த மாதம் இன்னும் வேகமாக அனுப்புவார்கள்.

இந்த அனுபவத்தில் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன், யாரும் செய்துபார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் ஒரு பக்கத்தை மூன்று நிரலாகப் பிரிக்கச் சொல்கிறேன். முதலாவதில் எழுதியிருக்கிறது, இரண்டாவதில் எங்கள் பெரியவர்கள் விளங்கிக்கொண்டது, மூன்றாவதில் கேள்விப்பட்டது. ஏதேனில் பழம்: எழுதியிருக்கிறது. அது ஆப்பிள்: கேள்விப்பட்டது. ஏவாள் பெயர்: எழுதியிருக்கிறது. பேழை இன்னும் அரராத் மலையில் பனிக்குள் இருக்கிறது: கேள்விப்பட்டது. பிள்ளைகள் எங்களைவிடக் கடுமையாகப் பிரிப்பார்கள். ஒரு முறை என் முழுப் பாடத்தையும் அப்படிப் பிரித்தபோது முதலாவது நிரலில் பாதிகூட இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பாதியைப் பிள்ளைகள் எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் பார்த்தேன்.

நாலாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. இராவணன் வெட்டு.

இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மலை பிளந்து கடல் தெரிகிற இடம். இராவணன் வாளால் வெட்டியது என்று சைவப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வளர்கிறார்கள். என் சின்ன வயதில் நானும் பக்கத்து வீட்டு அம்மம்மாவின் மடியில் இருந்து அதைக் கேட்டேன். “அது கட்டுக்கதை, இது சத்தியம்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனையை எடுத்தவுடன் 1622 ஞாபகத்துக்கு வந்தது. சிலுவை அடையாளத்தோடு வந்த போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை வாசலால் நடந்துதான் இன்றைக்கும் சைவச் சனம் கோயிலுக்குப் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிறிஸ்தவள் அவர்களுடைய மலையைப் பற்றி வாய் திறக்கும்போது “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” என்று பேதுரு எழுதிய சொற்களை முதலில் வாயில் வைத்துக்கொண்டு திறக்கவேண்டும்.

அவளுக்கு இப்படி எழுதினேன்: உன் சிநேகிதியிடம் அவளுடைய கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. நீ ஏன் ஆதியாகமத்தை நம்புகிறாய் என்று மட்டும் சொல். நான் ஆதியாகமத்தில் தொடங்கி இயேசுவிடம் வரவில்லை. இயேசுவிடம் வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆதியாகமத்துக்குப் போனேன். விவாகத்தைப் பற்றிப் பரிசேயர் கேட்டபோது அவர், “ஆதியிலே மனுஷரை உண்டாக்கினவர் அவர்களை ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார்” என்று முதலாம் அதிகாரத்தைச் சொல்லி, அதோடு இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்துப் பதில் சொன்னார். நடந்த காரியமாகவே எடுத்துச் சொன்னார். ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்று ரோமர் 5இல் பவுல் எழுதி, அதே மூச்சில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்கிறார். ஆதாமை நான் விட்டால் அந்த அதிகாரத்தை என்னால் வாசிக்க ஏலாது. மரித்து எழுந்தவர் நம்பியதை நானும் நம்புகிறேன். அவர் எழுந்தார் என்பதை நம்பாதவரிடம் ஆறு நாளைப் பற்றி விவாதித்து ஒரு பயனும் இல்லை.

பதில்களைக் கையால் எழுதி அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவள் சோதனை முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் இருந்து நாலு பக்கத்தையும் வாசித்தாள். “ரெண்டாவதுக்கு உங்களிட்ட பதில் இல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க” என்றாள். ஓம் என்றேன். அடுத்த ஞாயிறு வந்தாள்.

இப்போது அவள் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த விஷயத்தில் ஒத்த கருத்து இல்லை. நாட்கள் என்பது நீண்ட காலங்களாக இருக்கலாம் என்பது அவள் பக்கம். டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே பழைய திருச்சபைப் பிதாவான அகஸ்தீன் எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது என்றார், இன்னொரு பிதாவான பசிலியு அந்த நாளை இருபத்துநாலு மணித்தியாலம் என்றே பிரசங்கித்தார், இரண்டு பேரையும் திருச்சபை பரிசுத்தவான் என்றுதானே சொல்கிறது என்று எனக்கே அவள் எடுத்துக் காட்டினாள். வேதாகமம் பிழையற்றது என்று 1978இல் சிக்காகோவில் கையெழுத்திட்டவர்களிலும் இரண்டு பக்கத்தாரும் இருந்தார்கள், பூமியின் வயது அந்த அறிக்கையில் இல்லை. அவளுடைய பாடசாலையில் ஒரு கத்தோலிக்க ரீச்சர் இருக்கிறா. மனித உடலின் தோற்றத்தைப் பற்றிக் கூர்ப்பை ஆராய இடமுண்டு, ஆன்மாவைத் தேவனே நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இலேயே எழுதியதை அவ சொல்லித் தந்தாவாம். முன்பு இப்படிப்பட்டவர்களை அரை விசுவாசி என்று மனதுக்குள் எழுதிவிடுவேன். வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவை விசுவாசிக்கிறேன் என்ற அதே அறிக்கையைத்தான் அவவும் ஞாயிறு தோறும் எழும்பி நின்று சொல்கிறா. நான் என் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பிழை என்றே நினைக்கிறேன், அவளுக்கும் அது தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு பெரிய பிள்ளைகளின் வகுப்பை அவளிடம் விட்டுவிட்டுப் பின் வாங்கில் இருந்து கேட்கிறேன்.

பழைய பலகை கறையானுக்குப் போய்விட்டது. மஞ்சள் சூரியன் மட்டும் மிஞ்சி, என் வேதாகமத்தில் அந்தக் கேள்வித்தாளோடு இருக்கிறது. வகுப்புச் சுவரில் இப்போது ஒரு பெரிய கடதாசி ஒட்டியிருக்கிறோம். பதில் தெரியாத கேள்விகளை இலக்கமிட்டு அதில் எழுதுவோம். பதில் கிடைத்தால் வெட்டிவிடுவோம். வெட்டாமல் நாலு வருடமாக நிற்கிற கேள்விகளும் இருக்கின்றன.

போன ஞாயிறு ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் முதலாம் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “ரீச்சர், ஆறு நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமுமாகி எண்டு இருக்கு. ஏழாம் நாளுக்கு மட்டும் ஏன் இல்ல?”

நான் வாங்கிப் பார்த்தேன். இல்லை. இருபத்தாறு வருடமாகப் படிப்பிக்கிற அதிகாரம், என் கண்ணில் படவே இல்லை. எனக்குத் தெரியாது மகன் என்று சொல்லி, பேனையை அவன் கையில் கொடுத்தேன். கதிரையில் ஏறி நின்று சுவரில் எழுதினான். இலக்கம் 41.